பருப்பு வேகாத தண்ணீரும் என் தலைமுடியும்

சூளகிரியில் பிறந்த நான் கல்லாவிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில். போகும்போது என் பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கியது. தலைப்பிள்ளை பிறந்து சில மாதங்களில், சீப்பை வைத்தாலே முடி கொத்துக் கொத்தாக வந்தது. வகிடு அகன்று மண்டை தெரிந்தது. கண்ணாடி பார்த்தால் அழுகை வந்துவிடும்.

கொட்டாமல் என்ன செய்யும்? வீட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர். அதில் பருப்பே வேகாது. அரப்புத் தேய்த்துக் குளித்தால் எத்தனை அலசினாலும் தலை பிசுபிசுவென்றே நிற்கும். சாப்பாடோ, பத்தியம் என்ற பெயரில் பூண்டு ரசமும் ஒரு பிடி சோறும். கீரை கேட்டால் பிள்ளைக்கு மாந்தமாம்! அந்த ஒரு பிடிச் சோற்றைத் தின்றுவிட்டுப் பாலும் கொடுக்கவேண்டும், களைவெட்டவும் போகவேண்டும். இத்தனையும் கண்ணுக்குத் தெரியாமல் என் மாமியார் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? தோஷம்!

"வூட்டுக்கு ஆவாத முடி இது. கொலசாமிக்கு வேண்டிக்கிட்டேன். ஆடியில மொட்டை போட்டுட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்றார்.

தலை என்னுடையது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புருஷனோ, "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மிச்சமிருந்த முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே நாட்கள் போயின.

எனக்குப் பிள்ளை பிறந்த பின்னாலேயே தலைப்பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்று, தாய்வீட்டிலேயே தங்கியிருந்தாள் என் நாத்தனார். ஆடி பிறக்கும் முன் அவளுக்கும் கொட்ட ஆரம்பித்தது. மாமியார் மகளின் தலையைத் தடவியபடி, "பச்ச ஒடம்பு, கொட்டத்தான் செய்யும் கண்ணு. பாழாப்போன உப்புத் தண்ணி வேற" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, ஏரிக்கரைக் கெணத்துல நல்ல தண்ணி ரெண்டு கொடம் கொண்டாந்து இவ தலைக்கு ஊத்து. அப்படியே முருங்கைக் கீரையும் பறிச்சிட்டு வா."

அட அநியாயமே! எடுத்த குடத்தை ணங்கென்று தரையில் வைத்தேன்.

"ஏன் அத்தே, உங்க மகளுக்குக் கொட்டினா தண்ணி, எனக்குக் கொட்டினா தோஷமா? அதே கெணறு, அதே ரசம். மொட்டைன்னா ரெண்டு பேருக்கும் போடுங்க!"

நாத்தனார் தலையை இரு கையாலும் பொத்திக்கொண்டு, "ஐயோ, எனக்கு வேணாம்மா!" என்று அலறினாள்.

ஆடியில் குலசாமிக்குப் பொங்கல் மட்டும் வைத்தோம். என் தோஷம் எப்படிப் போயிற்றோ, அது அந்தச் சாமிக்கே வெளிச்சம்.