ரத்தப் பொரியலுக்கு அடக்க ஆராதனை

என் ரத்தப் பொரியலைக் குழி தோண்டிப் புதைத்தவர் எங்கள் சபைச் செயலாளர் தங்கராஜ் அண்ணன்தான்.

பெயர் போட்டே எழுதுகிறேன். பட்டப்பகலில், சபையே பார்க்க, மண்வெட்டி எடுத்துப் புதைத்தார். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

போன ஞாயிறு எங்கள் அந்தமான் பாம்பூஃப்ளாட் தமிழ்ச் சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் அசனம். சபைப் பக்கம் வராத வாசகர்களுக்குச் சொல்கிறேன் – அறுப்பு என்றால் அறுவடை, அசனம் என்றால் சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து. பதினொரு வருஷமாக அதற்குக் கரண்டி பிடிப்பவள் நான். படகு ஜெட்டி ஓரம் டிபன் கடை நடத்துகிறவளுக்கு அது பெரிய வேலையும் இல்லை.

எனக்குப் பாட்டு வராது. ஜெபம் பண்ணச் சொன்னால் நாலாவது வார்த்தையில் இருமல் வந்துவிடும். சபையில் எனக்கென்று இருக்கிற ஒரே ஊழியம் அந்தக் கரண்டிதான். இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆடு அறுத்தால் ரத்தத்தை நான் விடமாட்டேன். உப்புப் போட்ட பாத்திரத்தைக் கறிக்கடை பையாவிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவேன்.

“லே ஜாவ் தீதி, எடுத்துட்டுப் போங்க! இதக் கேக்குறது நீங்களும் நாயும்தான்” என்பார்.

கேட்கட்டுமே. உறைந்ததும் வேகவைத்து, துண்டு போட்டு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மிளகு தூக்கலாக... கடைசியில் ஒரு கை துருவின தேங்காய். வரிசை நிற்கும் ஐயா, வரிசை!

அந்த வரிசையில் பதினொரு வருஷமாக முதல் ஆள் யார்?

தங்கராஜ் அண்ணன்.

“ரூபி, கலேஜி போடும்மா!” என்று தட்டை நீட்டுவார். கலேஜி என்றால் இந்தியில் ஈரல். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. நம் தீவில் காய்க்கு ஒரு பாஷை, மீனுக்கு ஒரு பாஷை, திட்டுவதற்கு ஒரு பாஷை. யார் எதை எப்படிச் சொன்னாலும் கை நீட்டின பக்கம் இருப்பதை எடுத்துப் போட்டுவிடுவது நம் வழக்கம். நானும் போட்டேன். பதினொரு வருஷம்!

இந்தத் தடவை அவர் மூன்றாவது கரண்டியையும் வாங்கி, பாத்திரத்துப் பக்கத்திலேயே நின்றபடி வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே கணக்குப் போட்டார்.

“ஏம்மா, அறுத்தது ரெண்டு ஆடு. ரெண்டு ஆட்டுல இம்புட்டு கலேஜியா?”

“கலேஜி எங்கண்ணே இருக்கு? இது ரத்தம்.”

மனுஷன் மெல்லுவதை நிறுத்திவிட்டார். கன்னம் இரண்டும் உப்பி, கண் இரண்டும் பிதுங்கி. விறுவிறுவென்று தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போனார். ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தார். வாய் காலி.

இந்த இடத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

நேராக மைக்கைப் பிடித்தார். “சபையாரே! தட்டுல உள்ளத யாரும் தொடாதிய! ரத்தம் புசிக்கப்படாதுன்னு வேதத்துல எழுதியிருக்கு!”

கமிட்டியில் இருக்கிற சாலமோன் மாமா தட்டைத் தூக்கிக் காட்டினார். “தொடுறதுக்கு எங்க இருக்கு? கதம் ஆகிப் போச்சு!”

தட்டில் இல்லை. பாத்திரத்தில் கால்வாசி இருந்தது. அதைத்தான் தூக்கிக்கொண்டு போய், தென்னை மரத்தடியில் குழி வெட்டிக் கொட்டி, மண்ணைத் தள்ளி மூடினார். பக்கத்தில் நின்ற பாஸ்டருக்கு ஜெபம் பண்ணுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டார், அவிழ்த்தார், மறுபடி கட்டிக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம்.

“அண்ணே, போன மாசம் எங்க கடையில உக்காந்து நண்டு உறிஞ்சினீங்களே! துடுப்பும் செதிலும் இல்லாதது ஆகாதுன்னும் அதே வேதத்துலதான இருக்கு?”

“அது பழைய ஏற்பாடு. சிலுவையோட முடிஞ்சுது. ரத்தம் ஆகாதுங்கிறது புதிய ஏற்பாடு. அப்போஸ்தலர் பதினஞ்சாம் அதிகாரம். போயி வாசி!”

வாசித்தேன். திங்கட்கிழமை சாத்தம் தீவுக்குப் போகிற ஃபெர்ரியில், பைக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டு வாசித்தேன். என்ன சொல்ல... இருந்தது.

பழைய சட்டத்தில் எதையெல்லாம் புதிதாக வந்தவர்கள் கைக்கொள்ள வேண்டும்? இதே சண்டைதான் அன்றைக்கும். அப்போஸ்தலர்கள் எருசலேமில் கூடி வாதாடி, கடைசியில் ஒரு கடிதம் எழுதுகிறார்கள். விருத்தசேதனம் வேண்டாம், பாரமான சுமை எதுவும் வேண்டாம், ஆனால் விக்கிரகத்துக்குப் படைத்தது, ரத்தம், நெரித்துக் கொன்றது, வேசித்தனம் – இவற்றை விட்டு விலகுங்கள் என்று. என் ரத்தம் சுண்டிவிட்டது. சாத்தம் வருவதற்குள் மூன்று தடவை வாசித்தேன். மூன்று தடவையும் அந்த வார்த்தை அங்கேயேதான் இருந்தது.

விடுவேனா? மேலே புரட்டினேன். கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல், கடையில் விற்பதை மனசாட்சியைப் போட்டுக் குடையாமல் வாங்கிச் சாப்பிடு என்கிறார். ஆகா! ஆனால் நீ சாப்பிடுவது அடுத்தவனை இடறவைத்தால் வேண்டாம் என்றும் அவரே சொல்கிறார். அடக் கடவுளே!

பாஸ்டரைப் பிடித்துக் கேட்டேன்.

“ரெண்டு விதமாவும் வியாக்கியானம் இருக்குதுங்க அக்கா. யூதரும் மத்தவங்களும் ஒரே பந்தியில உக்காரணும்ங்கிறதுக்காக அப்போ போட்ட ஏற்பாடுன்னு சிலர் சொல்றாங்க. இல்ல, இன்னிக்கும் எல்லாருக்கும்தான்னு சிலர் சொல்றாங்க.”

“நீங்க எந்தப் பக்கம் பாஸ்டர்?”

“நான் வெஜிடேரியன் அக்கா.”

இப்படி ஒரு பதிலுக்கு எத்தனை வருஷம் படிக்க வேண்டும்?

இருக்கட்டும். எனக்கு இன்னொரு சந்தேகம். புதைப்பது எங்கே எழுதியிருக்கிறது? புதிய ஏற்பாடு முழுக்கத் தேடினேன். இல்லை. கடைசியில் அகப்பட்டது. வேட்டையாடின மிருகத்தின் ரத்தத்தைத் தரையில் ஊற்றி மண்ணால் மூட வேண்டுமாம். எதில்? லேவியராகமத்தில்! நண்டு ஆகாது என்று சொல்கிற அதே லேவியராகமத்தில்! எல்லாம் சிலுவையோடு முடிந்துவிட்டதாம். மண்வெட்டி மட்டும் முடியவில்லையாம்!

செவ்வாய் சாயங்காலம் கமிட்டி கூடியது. தங்கராஜ் அண்ணன் தீர்மானத்தை வாசித்தார். நான் மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் கிறிஸ்மஸ் அசனத்துக்கு என் கையில் கரண்டி கிடையாது. போர்ட் பிளேரிலிருந்து கேட்டரிங் வரும். வெஜ் ஃபிரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன்.

தீர்மானத்துச் சேதி முன்னாலேயே வீடு வரைக்கும் கசிந்திருந்தது; கிளம்பும்போதே என் வீட்டுக்காரர் எச்சரித்திருந்தார். “ஏய் ரூபி, பேசாம ஸாரி எழுதிக் குடுத்துட்டு வா. கிறிஸ்மஸ் அன்னிக்குக் கோபி மஞ்சூரியன் திங்க என்னால ஆகாது.”

பேசாமல் இருக்கிற ஜாதியா நான்?

“சரிண்ணே. புதிய ஏற்பாடுதானே? ஒண்ணு விடாம செய்வோம். ஒருத்தர ஒருத்தர் பரிசுத்த முத்தத்தோட வாழ்த்தச் சொல்லி பவுல் திரும்பத் திரும்ப எழுதியிருக்காரு. இன்னிக்கே ஆரம்பிப்போம். உங்க பக்கத்துலதான் சாலமோன் மாமா உக்காந்திருக்காரு.”

சாலமோன் மாமா வாயில் எந்நேரமும் பான். அவர் ரொம்ப நல்ல மனுஷர், யார் என்ன சொன்னாலும் தயார். சிவந்த உதட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

தங்கராஜ் அண்ணனின் பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சென்று இரண்டடி பின்னால் போனது.

“அரே, என்னம்மா நீ! அது அந்தக் காலத்துப் பழக்கம். இப்ப அதுக்குப் பதிலா ஷேக்ஹேண்டு.”

“யாரு மாத்தினா?”

“சபை மாத்திச்சு.”

“எந்தக் கமிட்டி மீட்டிங்ல?”

அந்த நேரம் பார்த்து வாசல்வழியாக ஒரு நாய் உள்ளே வந்தது. மூக்கெல்லாம் மண். வாயில் என் பொரியலில் ஒரு துண்டு. கமிட்டி மேஜைக்குக் கீழே படுத்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டது. ஞாயிறு, திங்கள், செவ்வாய்... புதைத்த மூன்றாம் நாள்! இதற்கு மேல் எழுதினால் பாஸ்டர் வருத்தப்படுவார்.

கூட்டம் அத்தோடு கலைந்தது. தீர்மானம் கலையவில்லை. கடிதம் கொடுக்க எனக்கு இந்த ஞாயிறு வரை கெடு.

யோசித்துப் பார்த்தேன். மீன் கடையில் நாம் என்ன செய்கிறோம்? “பையா, பீச் வாலா பீஸ் தோ” என்று நடுத்துண்டாகப் பார்த்து வாங்குகிறோம். தலையும் வாலும் அடுத்தவருக்கு. வேதத்தையும் அப்படித்தான் வாங்குகிறோம். நமக்குப் பிடித்தது என்றால் நித்திய கட்டளை. பிடிக்காதது என்றால் அந்தக் காலத்துப் பழக்கம். அடுத்தவருக்குப் பிடித்தது என்றால் மைக், மண்வெட்டி!

நான் மட்டும் யோக்கியமா? பெண்கள் சபையில் பேசாமல் இருக்கட்டும் என்றும் ஒரு வசனம் உண்டு. அது வரும்போது, அந்த ஊர்ப் பெண்கள் ரொம்பப் பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பொன் நகை வேண்டாம் என்கிற வசனம் வந்தால் பக்கம் புரட்டுகிற சாக்கில் வளையலை மேலே தள்ளி விட்டுக்கொள்வேன். என் பையிலும் நடுத்துண்டுதான்.

ஒரு தப்பு என்னுடையது. பாத்திரத்தில் ‘ரத்தம்’ என்று எழுதி ஒட்டவில்லை. சாப்பிடக் கூடாது என்று மனசார நம்புகிற ஒருவருக்குத் தெரியாமல் ஊட்டிவிட்டேன். அதற்கு இங்கேயே, எல்லா வாசகர்களுக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன் அண்ணே. இனிமேல் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, கொட்டை எழுத்தில் பெயர்.

ஆனால் பொரியல் செய்ததற்காகவே கடிதம் வேண்டும் என்கிறீர்களே, அதற்கு முன் நீங்கள் ஒரு பதில் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு உங்கள் பின்னாலேயே நானும் டிரம் பக்கம் போய்ப் பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது. வாளியும் சுத்தம். செடியும் சுத்தம்.

ரத்தம் என்று தெரிந்த பிறகு, உங்கள் வாயில் இருந்த அந்த மூன்றாவது கரண்டி எங்கே போனது? துப்பினீர்களா, விழுங்கினீர்களா?

துப்பியிருந்தால் கடிதம் என் கையெழுத்தோடு வரும், கரண்டியையும் கூடவே வைத்துவிடுகிறேன். விழுங்கியிருந்தால் கடிதத்தில் உங்களுடையதும் சேர்த்து இரண்டு கையெழுத்து, கரண்டி என்னிடமே இருக்கும்.

வரும் ஞாயிறு, அறிவிப்பு நேரத்தில், சபைக்கு முன்னால், அதே மைக்கில் சொல்லுங்கள் தங்கராஜ் அண்ணே – கடைசி பெஞ்சுக்கும் கேட்க வேண்டும்!