சுடாத பாறை

அக்கா வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருடம். பாதத்தில் உணர்ச்சியே போய்விட்டது. நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவன். மிருதுவான ரப்பரில் தோல் வார் வைத்து, அவர் காலுக்கு அளவெடுத்து நானே செருப்பு தைத்துக் கொடுத்திருந்தேன். "வெறுங்காலோட ஒரு அடி கூட நடக்கக் கூடாது" என்று வேலூர் டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

போன வருடம் காலில் வந்த புண் ஆறினால் மலை ஏறி வருவதாக மாமா வேண்டிக்கொண்டிருந்தார். புண் ஆறியது. பங்குனியில் நாங்கள் இரண்டு பேரும் போளூர் பக்கத்து மலைக்குப் போனோம். அடிவாரத்தில் எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். மாமா மட்டும் தயங்கினார்.

"இன்னா மாமா, தோல் செருப்போடயா சாமிகிட்ட போவீங்க? வருஷம் பூரா தோல்லயே கெடக்கறோம். இன்னைக்கு ஒரு நாளாவது சுத்தமா ஏறலாம்" என்றேன்.

தோல் வாடையிலேயே புழங்குகிறவனுக்குச் சுத்தத்தில் ஒரு வீம்பு உண்டு. அவர் கழற்றிப் பூக்கடையில் விட்டார்.

ஒன்பது மணிக்கே பாறை தோசைக்கல்லாகக் காய்ந்தது. ஜனங்கள் தத்தித் தத்தி நிழலுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். மாமா வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல நடந்தார்.

"சுடலயா மாமா?"

"கொஞ்சம் கூட சுடலடா. எல்லாம் அவன் அருள்."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்குப் பொறாமைதான் வந்தது.

பாதி மலையில் ஒரு கறுப்பு நாய் சேர்ந்துகொண்டது. தரையில் மூக்கை வைத்தபடி மாமாவின் பின்னாலேயே வந்தது. அவர் நின்றால் நின்றது. அவர் மிதித்த இடத்தை நக்கியது. மோர் விற்ற அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பைரவரே தொணைக்கு வர்றாருப்பா. எல்லாருக்கும் கெடைக்குமா இது?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாய்க்கு பிஸ்கட் போட்டேன். அதை முகர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த படியை நக்கப் போய்விட்டது. குனிந்து அந்தப் படியைப் பார்க்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ஆனாலும் "நடங்க மாமா" என்றுதான் சொன்னேன்.

உச்சியில் சன்னதிக்கு எதிரே உட்கார்ந்து அவர் காலை மடக்கியபோதுதான் பார்த்தேன். வலது பாதத்தில் தோலே இல்லை. பெருவிரலுக்குக் கீழே ஒரு கல் சில்லு புதைந்திருந்தது. நான் அலறினேன். எதற்கு அலறுகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

நாலு பேர் சேர்ந்து தூக்கி இறக்கினார்கள். இரண்டு வாரத்தில் சீழ் மேலே ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள். கையெழுத்து வாங்க வந்த டாக்டருக்கு அப்படி ஒரு கோபம்.

"இந்தக் கால வச்சிகிட்டு வெறுங்கால்ல ஏறச் சொன்னது யாரு?"

அக்கா அழுதுகொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் கழட்டினேன்" என்றார் மாமா.

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.