லியூக்கோ குடும்பத்தில் ஒருவன்

ஒரு முன்னொட்டை நம்பி, வெள்ளிக்கிழமை பின்னேரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைவரை நான் செத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அவள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், அது வேறு விஷயம்.

எங்கள் பக்கத்தில் டொக்டர் சிங்களத்தில் பேசுவார், ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வரும், நோய் தமிழருக்கு வரும். ஆகவே கஹவத்தை டவுனில் டொக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள், தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியனான என்னிடம் ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது. கிரேக்கம் தெரியும், அதாவது ஒரு பழைய ஆங்கில அகராதியின் கடைசிப் பக்கங்களில் போட்டிருக்கும் முன்னொட்டுகள் அளவுக்கு.

பக்கத்து லயத்து வீட்டில் இருக்கும், கொழுந்தெடுக்கிற அக்கா ஒருவர், கன்னத்தில் வெள்ளைத் திட்டோடு வந்தார். ‘லியூக்கோடெர்மா’ என்று வாசித்து, “லியூக்கோன்னா வெள்ளை, டெர்மான்னா தோல்” என்று விளக்கினேன்.

“கன்னம் வெள்ளையாயிருச்சுன்னு சொல்லித்தாங்க சேர் நான் போனதே. அதையே இங்கிலீசுல எழுதிக் குடுத்துட்டாங்களா?”

“கிரேக்கத்துல” என்று திருத்தினேன்.

பிறகு எனக்கே காய்ச்சல் வந்து, விடாமல் நின்றது. டொக்டர் இரத்தம் பார்க்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் கைக்கு வந்தது. டொக்டர் இனி ஞாயிறுதான் வருவார். பஸ்ஸில் பிரித்தேன். லியூக்கோசைட்டோசிஸ். வெள்ளை அணுக்கள் கூடியிருக்கின்றன. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்தில் இன்னொருவரையும் எனக்குத் தெரிந்திருந்தது: லியூக்கீமியா, வெள்ளை இரத்தம், அதாவது இரத்தப் புற்றுநோய். இவ்வளவு நெருங்கிய சொந்தக்காரர் தனியாகவா வந்திருப்பார்?

சனிக்கிழமை பல் விளக்கிய எச்சிலில் சிவப்பு தேடினேன். கண்ணிமையை இழுத்து வெளிறியிருக்கிறதா என்று பார்த்தேன். இழுத்த இழுப்பில் சிவந்திருந்தது. அதையும் நான் நம்பவில்லை. மகள் இன்னும் கம்பஸ் முடிக்கவில்லை. நான் போனால் இந்தக் குவாட்டர்ஸையும் காலி பண்ணவேண்டும். மனைவி எங்கே போவாள்? தட்டின் முன்னால் உட்கார்ந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“என்னங்க, உப்பில்லன்னு கூட சொல்லாம சாப்பிடுறீங்க?” என்றாள்.

“உப்பு போடலயா?”

“போடல. சொல்றீங்களான்னு பார்த்தேன்.”

சொல்லிவிட்டேன், உப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தனக்கு வாசிக்கத் தெரியாத அந்தக் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மகளுக்கு சொல்லாதீங்க” என்றாள். அதன்பிறகுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

ஞாயிறு காலை மனைவியோடு நான் நொண்டிக்கொண்டு உள்ளே போனதை டொக்டர் பார்த்தார். ரிப்போர்ட்டை அப்புறம் பார்க்கலாம், சப்பாத்தைக் கழற்றுங்கள் என்றார் சிங்களத்தில். கழற்றினேன். கணுக்கால் வீங்கிச் சிவந்து, சீழ் கட்டியிருந்தது.

“கூடெல்லோ” என்றாள் மனைவி. சிங்களத்தில் அட்டைகள்.

மழைநாளில் கொழுந்து மலைக்குப் போகிறவர்கள் அட்டை ஏறாமலிருக்க காலில் சவுக்காரக் கட்டியை நனைத்துப் பூசிக்கொள்வார்கள். குறுக்குப் பாதையில் பள்ளிக்கூடம் போகும் நானும் பூசியிருக்கலாம். சப்பாத்தும், மேசு என்கிற காலுறையும் போட்டவன் சவுக்காரமா பூசுவது என்று விட்டுவிட்டேன். அட்டைகள் மேசுக்குள் புகுந்து வசதியாகக் குடித்தன. நான் கடிவாயைச் சொறிந்து புண்ணாக்கி, மறுபடி மேசுக்குள் மூடினேன். காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில் காலைக் காட்டத் தோன்றவில்லை.

“புண்ணில் கிருமி. அதோடு சண்டை போடத்தான் வெள்ளை அணுக்கள் கூடியிருக்கின்றன. இந்தக் குளிசைகளை விழுங்கி முடிந்ததும் இன்னொரு முறை இரத்தம் பார்ப்போம்” என்றார் டொக்டர். அப்போது லியூக்கீமியா இல்லையா என்று கேட்டேன். “லியூக்கீமியா என்று யார் சொன்னது?”

மனைவி என்னைப் பார்த்தாள்.

கால் ஆறியது. இரண்டாவது ரிப்போர்ட்டில் அந்தச் சொல் இல்லை. நான் மறுபடி பள்ளிக்கூடம் புறப்பட்ட காலையில், கன்னத்தில் வெள்ளைத் திட்டுள்ள அந்த அக்கா, தண்ணீர் விழும் பீலியடியில் நின்று காலில் சவுக்காரம் பூசிக்கொண்டிருந்தார்.

“சேர், அந்த பாஷையில அட்டைக்கு என்னங்க பேரு?” என்றார். “பேர சொன்னா எறங்கிருமான்னு பார்ப்போம். சவுக்காரம் மிச்சம்.”