வாழை கட்டிய ஜீப்

காட்டுக்குள் இருந்து தாக்கிய கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவில் அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்த ஐம்பதுகளின் தொடக்கம். சிம்பாங் அம்பாட்டில் எனக்கு ஒரு சின்னத் துணிக்கடை இருந்தது. சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களுக்குச் சேலை, வேட்டி கொண்டுபோய் விற்க ஒரு ஜீப் வைத்திருந்தேன். பட்டாளத்தில் ஓடித் தேய்ந்து, வேண்டாம் என்று கழித்துவிட்ட வண்டி அது.

அதோடு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மழை பெய்தால் கூரை சரியாக என் மடியில்தான் ஒழுகும். இடப்பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். சத்தமோ ஒரு மைலுக்குக் கேட்கும். இருமி இருமி, நடுவில் டமார் என்று வெடிக்கும். விற்றுவிடலாம் என்று நினைக்கும் நாளில் ஒழுங்காக ஓடும். சரி, இருக்கட்டும் என்றால் நடுவழியில் நின்றுவிடும்.

"ஊரே சிரிக்குதுங்க. ஒரு வேன் வாங்குங்கன்னா காதுல ஏறுதா?" என்று மனைவி தினமும் பிடுங்கி எடுத்தாள். கடைசியில் வெறுத்துப்போய், விலை கேட்டு வந்த ஒருவரிடம் ஆயுத பூசை முடிந்ததும் ஓட்டிப் போகச் சொல்லிவிட்டேன்.

போகிற வண்டிதானே, கடைசிப் பூசையாவது நன்றாக நடக்கட்டும் என்று நினைத்தேன். பூசையன்று காலையில் ஜீப்பைக் கழுவி, முன்பக்கம் இரண்டு வாழைக்கன்றுகளைக் கட்டினேன். மாவிலைத் தோரணம் வேறு. நம்பர் பிளேட் முழுக்கச் சந்தனத்தை அப்பிவிட்டேன். ஒரு தோட்டத்துக் கோயில் பூசைக்கு வேட்டிகள் கேட்டிருந்தார்கள். அதே கோலத்தில் கிளம்பினேன்.

தோட்டத்து வாசலில் முள்கம்பி வேலிக்குப் பின்னால் துப்பாக்கியோடு காவலர்கள் இருப்பார்கள். அதற்கு முன்னால் ஓர் இறக்கம். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று அங்கே இன்ஜினை அணைத்துவிட்டேன்.

பாதி இறக்கத்தில் பார்த்தால், துப்பாக்கிகள் எல்லாம் என்னை நோக்கி நிற்கின்றன. பூசைக்குக் கட்டிய வாழை என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்? இலை தழையால் மறைத்துக்கொண்டு, நம்பர் இல்லாமல், ஓசையின்றி ஒரு வண்டி இறங்கி வருகிறது! பாழாய்ப்போன பிரேக்கும் பிடிக்கவில்லை. கத்தலாம் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பதற்றத்தில் சுவிட்சைத் திருப்பி, கியரைப் போட்டுக் கிளட்ச்சை விட்டேன். இருமல், இருமல், டமார்!

"ஜாஙான் தெம்பாக்! ஜீப் கெடாய் காயின் லா!" என்று ஒரு மலாய்க் காவலர் அலறினார். சுடாதே, துணிக்கடை ஜீப் என்று அவர் சொன்னதும் துப்பாக்கிகள் தாழ்ந்தன. ஜீப்பும் வேலியருகே குலுங்கி நின்றது. வேறு வண்டியாக இருந்தால் அந்த வெடிச் சத்தத்துக்கே சுட்டிருப்பார்கள். நான் போகும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்கிறவர் அவர். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வாழைக்கன்றுகளை அவிழ்த்து எறிந்தார், சந்தனத்தை என் துண்டாலேயே துடைத்தார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விக்க வேணாங்க. சத்தம் அப்படியே இருக்கட்டும். அந்தக் கதவையாவது மாத்துங்க லா" என்றாள்.

கதவை மாற்றினேன். மேலும் நான்கு வருடம் அந்த ஜீப் என் உயிரை வாங்கியது. ஆனாலும், வாயடைத்துப்போன எனக்காக அந்த வாசலில் பேசியது, நான் தொலைத்துக்கட்டத் துணிந்த அந்தச் சத்தம்தான் என்பதை இன்றுவரை மறக்க முடியவில்லை.