தொடாமலே கோடு போட்ட பேனா

சைராகுலை எங்கள் பட்டறையில் யாருக்கும் பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்று அவளும் முயன்றதில்லை. தொக்மோக் ஊரில், இடுகாட்டுக்குப் போகும் சாலையில் நாங்கள் கல்லறைக்கல் செய்கிறோம். இறந்தவர்களின் முகம் அவள் பொறுப்பு. பெயரும் தேதியும் என் பொறுப்பு.

பதினோரு வருடம் அவள் முற்றத்தில் உட்கார்ந்து கறுப்புக் கல்லில் ஊசியால் புள்ளி புள்ளியாகக் கொத்தி முகம் எடுத்தாள். பிறகு அவள் நுரையீரலில் கல்தூசி படிந்திருப்பதை மருத்துவர் கண்டுபிடித்தார். இன்னொரு குளிர்காலம் அங்கே உட்கார்ந்தால் மூக்கில் குழாயோடுதான் மிச்ச வாழ்க்கை என்றார். முதலாளி சோவெத்பெக் கணினியோடு இணைக்கும் ஒரு வரைபலகையும் அதற்கான பேனாவும் வாங்கி உள்ளறையில் போட்டார். அன்றிலிருந்து அவள் கணினியில் முகத்தைத் திருத்திக் கொடுப்பாள், முற்றத்தில் இயந்திரம் அதைக் கல்லில் வெட்டும்.

போன வியாழக்கிழமை அந்தப் பேனா கெட்டது. லாரி ஓட்டுநர் அக்மத்தின் வருட நினைவுநாள் சனிக்கிழமை. அதற்குள் கல் நட வேண்டும். குடும்பம் கொடுத்தது ஒரு கல்யாணப் படம். அதில் அவர் கையில் மதுக்கோப்பை. சைராகுல் கோப்பையை அழித்து, தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி வைத்துவிட்டாள். கண்ணுக்கு வந்தபோது, பேனா பலகையைத் தொடாமலே கோடு இழுத்தது. இமையிலிருந்து காதுவரை ஒரு கீறல்.

"மத்தியானத்துக்குள்ள சரியாகலன்னா முற்றத்துக்குப் போய் கையால கொத்திடு," என்றார் சோவெத்பெக். "அக்மத் காத்திருப்பான். அவன் பொண்டாட்டி காத்திருக்க மாட்டா."

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"டாக்டர் வந்து கண்ணு வரைவாரா?"

அவள் தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் சேவை மையத்துக்கு போன் செய்து, கை வேலைக்கு வேண்டுமென்று போனை ஒலிபெருக்கியில் மேசைமேல் வைத்தாள். எடுத்தவன் பெயர் ஜெனிஷ். குரலில் தூக்கம்.

"கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டீங்களா அக்கா?"

"மூணு தடவை."

"கேபிள் மாத்தினீங்களா?"

"மாத்தினேன். பேனா முனையும் மாத்தினேன். டிரைவரை எடுத்துட்டு மறுபடி போட்டேன். நீ அடுத்த பக்கத்தைத் திருப்பி வாசி."

"நான் எதையும் வாசிக்கல."

"அப்போ யோசிச்சு இவ்வளவுதானா வருது?"

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "சரி. சோதனைப் பக்கத்தைத் திறங்க. பேனாவை மேல தூக்கிப் பிடிங்க. அழுத்தம்னு எவ்வளவு காட்டுது?"

"முப்பது. ஒண்ணும் தொடல, முப்பது. ஓட்டைப் பேனாவை வித்துட்டு என்னைச் சோதிக்கிறீங்க."

"ஒரு கோடு போடுங்க பாக்கலாம்."

டக் டக். பிறகு கோடு.

"அது என்ன சத்தம்?"

"எந்தச் சத்தம்?"

"இன்னொரு கோடு போடுங்க."

டக் டக். இந்த முறை நானும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பலகைக்குப் பக்கத்தில் தேநீர்க் கிண்ணம் வைக்க ஒரு கல்துண்டு கிடந்தது. பேனாவின் முனையை அதில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் அவள் கோடு போட்டாள். முற்றத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். தட்டாவிட்டால் ஊசியில் ஒட்டிய பொடி அடுத்த புள்ளியைக் கெடுக்கும். இந்த அறையில் பொடியும் இல்லை, ஊசியும் இல்லை. இரண்டு வருடமாக ஒரு மேசை தள்ளி இருக்கிறேன், எனக்கும் அது காதில் விழுந்ததில்லை.

"கல்லுல தட்டுறீங்களா?" ஜெனிஷுக்குத் தூக்கம் போயிருந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள இருக்கிற சென்சார் நசுங்கியிருக்கு. நீங்க ஒடச்சிருக்கீங்க அக்கா. அரை மணி நேரமா என்னைத் திட்டிட்டு."

"உங்க பொருள் மட்டம்."

"பேனாவை அனுப்புங்க, மூணு வாரம் ஆகும். இன்னிக்கே வேலை நடக்கணும்னா ஒரு வழி இருக்கு. ஆனா புகார்ப் படிவத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. உபயோகிச்சவர் தப்புன்னு உங்க வாயால சொல்லுங்க, முடிச்சுட்டு வழியச் சொல்றேன்."

சோவெத்பெக் வாசலில் வந்து நின்றார். சைராகுல் தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஒருமுறை மீசை இல்லாத மனிதருக்கு மீசை வைத்துவிட்டு, அவருக்கு அது இருந்திருக்க வேண்டும் என்று விதவையிடமே வாதாடியவள். வெளியே இயந்திரம் கல்லை அறுத்துக்கொண்டிருந்தது. அவள் இருமினாள், நீளமாக.

"நான்தான் ஒடச்சேன்."

"இயந்திரச் சத்தத்துல கேக்கல," என்றார் சோவெத்பெக்.

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "நான்தான் ஒடச்சேன். இப்போ போங்க."

ஜெனிஷ் வழியைச் சொன்னான். பேனாவின் அமைப்புப் பக்கத்தில் அழுத்தத்தின் தொடக்கத்தை நாற்பதுக்கு மேல் நகர்த்தினால், அதற்குக் கீழே வருவதைக் கணினி கணக்கில் எடுக்காது. அவள் நகர்த்தினாள். தொடாமல் வந்த கோடு நின்றது. இனி எல்லாவற்றையும் அழுத்தித்தான் வரைய வேண்டும்.

"வேற ஏதாவது உதவி வேணுமா?"

"இந்த வழிய முதல்லயே சொல்லியிருக்கலாம்."

"முதல்லயே தட்டாம இருந்திருக்கலாம்," என்று அவன் வைத்துவிட்டான்.

அவள் சொன்னதை நேர்மை என்று எழுத எனக்குத் தயக்கம். மூச்சுவிட வேண்டும் என்பதற்காகச் சொன்ன வாக்கியம் அது. அதற்கு மேல் அதில் எதையும் தேட நான் விரும்பவில்லை. ஜெனிஷும் நியாயத்துக்காக அதைக் கேட்கவில்லை, கட்டத்தை நிரப்பக் கேட்டான்.

மூன்று மணிக்கு அக்மத் இரண்டு கண்களாலும் பார்த்தார். சைராகுலின் கட்டைவிரல் வீங்கியிருந்தது. சோவெத்பெக் திரைக்கு முன் குனிந்து, இடது கண் சின்னதாக இருப்பதாகச் சொன்னார்.

"அவருக்கு அப்படித்தான்," என்றாள் அவள். "வெட்டுறதுக்கு அனுப்பிட்டேன். உங்க மெஷினைப் பாருங்க. கதவை இழுத்துச் சாத்திட்டுப் போங்க."