மூன்றாவது கேள்வி

“மெயின் வால்வை மூடிட்டீங்களா?” இது முதல் கேள்வி. “எந்த மாடி? எந்தச் சுவர்லேர்ந்து வருது?” இது இரண்டாவது. கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு பதில் சொல்லும் வீட்டுக்காரர், “எப்படியாவது சீக்கிரம் வந்துடுங்க” என்று கெஞ்ச ஆரம்பிக்கும்போது மூன்றாவது வரும். “வர்றேன். உங்க வீட்டு பாத்ரூமுக்கு நான் போய்க்கலாமா?”

அதுவரை அலறிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த இடத்தில் திடீரென்று யோசிக்க நேரம் கிடைத்துவிடும். சிலர் “எதுக்குக் கேக்குறீங்க?” என்பார்கள். “பேப்பர் படிக்கத்தான்” என்பார் எங்கள் பிளம்பர். இன்னும் சிலர் மென்று முழுங்கி, “பார்க்கலாம், வாங்க” என்பார்கள். சரி என்ற சொல் வாயிலிருந்து தெளிவாக வராத வீட்டுக்கு இவர் போவதில்லை. “அப்ப வேற ஆளைப் பாத்துக்குங்க” என்று வைத்துவிடுவார்.

எங்கள் பகுதியில் குழாய் வெடித்தால் கூப்பிடுவதற்கு இவரைத் தவிர நாதியில்லை. ஞாயிற்றுக்கிழமையும் எடுப்பார், சாப்பிடும்போதும் எடுப்பார். எல்லோருடைய ஃபோனிலும் இவர் பெயர் ‘இடி’ என்றுதான் பதிவாகியிருக்கிறது. அழைப்பு மணியை நம்பாமல் கதவைத் தட்டுகிற தட்டும், முதல் மாடியில் பேசினால் நான்காவது மாடியில் கேட்கிற குரலும் வாங்கித் தந்த பெயர். ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளை டேப் சுருள். தரையில் ஊன்றி ஊன்றி பேன்ட்டின் முழங்கால் மட்டும் வெளுத்திருக்கும்.

இவரை அழைக்க வேண்டிய நிலை உங்களுக்கு வந்தால் முதலில் திட்டு வாங்கத் தயாராக இருங்கள். பையைக் கீழே வைக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். குழாயைக் கயிற்றால் கட்டி வைத்தது ஏன், அந்த மூட்டில் பசையைப் பூசியது எந்த மேதாவி, மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் இத்தனை வருஷம் இந்த வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். பிறகு சுவருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இதை எவன் போட்டான்?” என்பார். ஒருமுறை எங்கள் வீட்டிலேயே அப்படிக் கேட்டார். “நீங்கதான் போட்டீங்க அண்ணே” என்றேன். சற்று உற்றுப் பார்த்தார். “அன்னிக்கு அது சரிதான்” என்று சொல்லிவிட்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் பழையபடி திட்டத் தொடங்கினார்.

மனிதர்களிடம் காட்டாத மரியாதை எல்லாம் குழாய்களுக்கு உண்டு. “இவரு ரொம்ப வயசானவரு, மெதுவாத்தான் திருப்பணும்.” “அவருக்கு மூச்சு முட்டுது, காத்தை வெளிய விடுங்க.” துருப்பிடித்த திருகு ஒன்று அசையாமல் அடம்பிடித்தபோது, “கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் வாங்க” என்று அதனிடம் அவர் தாஜா பண்ணியதை நான் பார்த்திருக்கிறேன். அது வரவில்லை. அப்புறம் அதையும் திட்டினார்.

மூன்றாவது கேள்வி போன வருஷம் வந்தது. அதற்கு முன் இருபது, இருபத்தைந்து வருஷமாக அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது தண்ணீர் குடிக்க மாட்டார். வெயிலில் உதடு வெடித்தாலும் நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. ஊரில் இருக்கும் கழிப்பறைகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர், தன் அவசரத்துக்குப் பெட்ரோல் பங்க் எங்கே, பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசல் எங்கே என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வேலை செய்தார். “நான் கை வைக்காத கக்கூஸ் இந்த ஏரியாவுல கிடையாது. உக்காந்தது ஒண்ணுதான், எங்க வீட்டுல” என்று சொல்லிச் சிரிப்பார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வரும்.

ஒருநாள் யாருடைய சமையலறை சிங்குக்கு அடியிலோ படுத்திருந்தவர் எழுந்திருக்கவில்லை. குளிர்க் காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது. வருஷக்கணக்காக அடக்கி அடக்கி, நீர்த்தாரையில் பிடித்த தொற்று மேலே ஏறி, ஒரு சிறுநீரகத்தைச் சுருக்கி வைத்துவிட்டது. இருக்கிற இன்னொன்றைக் காப்பாற்ற வேண்டுமானால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், வந்தால் ஒரு நிமிஷம்கூட அடக்கக் கூடாது. “இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ் மெஷின்தான்” என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மகள் வயதுப் பெண் அவர். இடி அன்றைக்குத்தான் வாயைத் திறக்காமல் ஒருவரிடம் திட்டு வாங்கியிருக்கிறார்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவர், குரலே எழும்பாத பெண்மணி. வீட்டுக்கு வந்ததும் அவர்தான் அந்தக் கேள்வியை உருவாக்கினார். “ஃபோன்லயே கேட்டுட்டுப் போங்க. சரின்னு சொன்னா போங்க, இல்லன்னா போகாதீங்க. அவங்க பைப்பு இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வாங்கிக்கலாம். உங்க கிட்னியை நான் எந்தக் கடையில போய் வாங்குவேன்?”

அதிலிருந்து அவர் தோளில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் தொங்குகிறது. வேலையில் பாதி போய்விட்டது. “பிளம்பருக்கு வந்த வாழ்வைப் பாரு” என்று எங்கள் மாடிப்படியிலேயே பேசிக்கொண்டார்கள். “கேட்டாத்தானே பிரச்சினை, கேக்காம இருந்தா நாமளா வேணாம்னு சொல்லப் போறோம்?” என்று ஒருவர் நியாயம் பேசினார். அவர் வீட்டில் மூன்று பாத்ரூம். இருப்பது அவரும் அவர் நாயும்.

போன மாதம் ஒரு விடுமுறை நாள் காலை, என் கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஊதிக்கொண்டு, மின்விசிறி வழியாகத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தது. மெத்தையை இழுத்துப் போட்டு, கீழே வாளிகளை வைத்துவிட்டு மேல் மாடிக்கு ஓடினேன். மேல் வீட்டில் இருப்பவர் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். ஹாலில் கை கழுவும் பேசினுக்குப் பின்னால், படுக்கையறையை ஒட்டிய சுவருக்குள் பைப் வெடித்திருந்தது. தலைவர் அதன் மேல் சோபா மெத்தையை வைத்து முதுகால் அழுத்திக்கொண்டிருந்தார், அவர் மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான்தான் இடியை அழைத்து ஃபோனைத் தலைவரின் காதில் வைத்தேன். மூன்று கேள்விகளும் வந்தன. மூன்றாவதற்கு அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “தாராளமா! உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க, நீங்க வந்தா போதும்!” இதை நான் இந்தக் காதால் கேட்டேன்.

காலையிலிருந்து இரண்டு வீடு பார்த்துவிட்டு நேராக வந்தார் இடி. திட்டிக்கொண்டேதான் வந்தார். வீட்டின் மெயின் வால்வு மேல் யாரோ அழகுக்குச் சுவரோடு சேர்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, “வாங்கய்யா, வாங்க” என்று கெஞ்சி, கடைசியில் பைப் ரெஞ்சால் ஒரு திருப்பு. தண்ணீர் நின்றது. என் வீட்டுக்கு இனி ஆபத்தில்லை. பைப்பை மாற்றத்தான் டைல்ஸை உடைத்து உள்ளே போக வேண்டும், நேரமாகும் என்றார். உளியைக் கையில் எடுத்தவர் அதை வைத்துவிட்டு எழுந்தார்.

“ஒரு நிமிஷம், பாத்ரூம் போயிட்டு வந்துடுறேன்.”

தலைவரின் மனைவி நகர்ந்து நடைவழியின் குறுக்கே நின்றார். “இல்ல... அது எங்க பெட்ரூமோட சேர்ந்தது. கீழ வாட்ச்மேன் பாத்ரூம் இருக்கே, அங்க போயிட்டு வந்துடுங்களேன்.”

வாட்ச்மேன் பாத்ரூமில் ஒரு வருஷமாகத் தண்ணீர் வருவதில்லை. சரி செய்ய வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் கேட்டபோது, இப்போதைக்கு அவசியமில்லை என்று தள்ளிப் போட்டவர் இதே தலைவர். உள்ளே உடைந்த பூந்தொட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அது அந்த அம்மாவுக்கும் தெரியும், தலைவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலைவர் திடீரென்று கூரையில் எதையோ ஆராயத் தொடங்கினார்.

இப்போது இடி இடிக்கும் என்று காத்திருந்தேன். அவர் குரல் இறங்கிவிட்டது. “ஃபோன்ல சரின்னு சொன்னீங்களே சார்.”

“அந்த டென்ஷன்ல ஏதோ சொல்லிட்டேன்பா. நீ முதல்ல வேலையை முடி. பேசினதுக்கு மேலயே போட்டுத் தர்றேன்.”

தண்ணீர் கொட்டும்போது ‘நீங்க’. தண்ணீர் நின்றதும் ‘நீ’. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

“மேல போட்டுக் குடுத்தா என் கிட்னி அடக்கிக்குமா சார்?” என்றார் இடி. உளி, சுத்தியல், ரெஞ்ச் என்று ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் போட ஆரம்பித்தார்.

“ஒரு பாத்ரூம் விஷயத்துக்கா இவ்வளவு கோவம்?” என்றார் அந்த அம்மா என்னைப் பார்த்து, நானும் அவர் கட்சி என்ற நம்பிக்கையில்.

“அந்த பாத்ரூம் அடைச்சுக்கிட்டு நிரம்பி வழிஞ்சப்ப, உள்ள கையை விட்டு எடுத்தது யாரு? இவரு. முழங்கை வரைக்கும் விட்டாரு, நானும் இங்கதான் நின்னேன். கையை விடலாம், காலை வைக்கக் கூடாதா?” என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “அப்ப மட்டும் அது பெட்ரூமோட சேரலையா?”

“உங்க வீட்டுல ஒழுகுறது நின்னுடுச்சில்ல? நீங்க கிளம்புங்க” என்றார் தலைவர். அவருடைய முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வெட்கம் மட்டும் மருந்துக்கும் இல்லை.

இடி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். மூடிய வால்வைக் காட்டினார். “இதைத் திறந்தா கீழ் வீடு நனையும், திறக்காதீங்க. வேற ஆளு வர்ற வரைக்கும் உங்களுக்குத் தண்ணி கிடையாது.” வாசல் வரை போனவர் நின்று திரும்பினார். “அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் அந்த வாட்ச்மேன் பாத்ரூமுக்கே போய்க்குங்க.”

செய்த வேலைக்குக்கூட எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. படியில் இறங்கும்போதுதான் கவனித்தேன். நெற்றி முழுக்க வியர்வை, ஒரு கை கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்திருந்தது, மறுகை அடிவயிற்றில். பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் அடக்கிக்கொண்டு நின்றுதான் பேசியிருக்கிறார். பாவிகள். அவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரமெல்லாம், மிச்சமிருக்கும் அந்த ஒரு கிட்னியின் கணக்கில்தானே போயிருக்கிறது!

ஓடிப் போய் என் கதவைத் திறந்தேன். “அண்ணே, உள்ள வாங்க. நேரா போய் கடைசிக் கதவு.”

வாசலில் தயங்கினார். “இல்லம்மா, பெட்ரோல் பங்க்குக்குப் போயிடுறேன். பக்கத்துலதான்.”

“செருப்பைக்கூடக் கழட்டாதீங்க. போங்க முதல்ல” என்று அதட்டினேன். கழற்றிவிட்டுத்தான் போனார்.

நான் படுக்கையறையில் நிரம்பிய வாளிகளை நகர்த்திக்கொண்டு, மேல் வீட்டுக்காரர்களை மனசுக்குள் வறுத்து எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த கூட்டத்தில் என்னவெல்லாம் கேட்க வேண்டும், யார் யார் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும் என்று பட்டியல் நீண்டது. உள்ளே ஃப்ளஷ் சத்தம் கேட்டது. குழாய் திறந்து மூடியது. ஆள் வரவில்லை. காய்ச்சல் வந்து விழுந்த கதை ஞாபகம் வந்தது. “அண்ணே?” என்று கூப்பிட்டுக்கொண்டே போய்ப் பார்த்தேன்.

கதவு திறந்திருந்தது. அவர் மண்டியிட்டிருந்தார். கையில் அவருடைய கைக்குட்டை. குழாயின் தலையைத் துடைத்திருந்தார், ஃப்ளஷ் பொத்தானைத் துடைத்திருந்தார். இப்போது தரையில் தான் கால் வைத்த இடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு, முழங்காலாலேயே பின்பக்கமாக வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

“ஐயோ, என்னண்ணே இது! யாரு உங்களை இதெல்லாம் செய்யச் சொன்னா? விடுங்க!”

“இருங்கம்மா” என்றார், நிமிராமலே. “ஆளு வந்துட்டுப் போன அடையாளமே தெரியாது.”

நிலைப்படியைத் தாண்டி எழுந்து நின்றார். ஈரக் கைக்குட்டையை உதறி, மடித்து, கதவின் கைப்பிடி மேல் சுற்றி, விரல் படாமல் சாத்தினார்.