விமானத்தில் வரும் தாய்மாமன்

பல்லடத்துக்குச் சற்று முன்னால் பஸ் பஞ்சராகி நிற்கிறது. இறங்கிப் பார்த்தால், சாலையோரக் கோயிலில் ஒரு காதுகுத்து. மொட்டையில் சந்தனம் பூசிய குழந்தை தயார், ஆசாரியும் தயார். உட்கார வைக்கத் தாய்மாமன் மடிதான் இல்லை.

"மச்சினன் ஏர்ஃபோர்ஸுங்க. சூலூர் வர்ற சரக்கு விமானத்துல எடம் கெடச்சிருச்சுன்னு போன் பண்ணுனானுங்க," என்கிறார் குழந்தையின் அப்பா.

"நல்ல நேரம் முடிய இன்னும் ஒரு மணி நேரந்தானுங்க இருக்குது," என்று முனகுகிறார் ஆசாரி.

அப்பாவின் பார்வை என்மேல் விழுகிறது. "ஏனுங்க, அவன் வர்லீன்னா நீங்க மாமனா உக்காந்துக்கறீங்களா? மடி நல்லா அகலமா இருக்குதுங்க."

ஐம்பது வயதில் எனக்குக் கிடைக்கும் முதல் பதவி. வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்கிறேன். குழந்தை என் முகத்தைப் பார்த்து அலறுகிறது.

அந்த அலறலையும் அமுக்கிக்கொண்டு, தென்னைகளுக்கு மேலே ஒரு சாம்பல் நிற விமானம் தாழப் பறந்து போகிறது.

"அதேதானுங்க! நான் பள்ளிக்கூடம் போறப்பவே பறந்துச்சு. ஜீப்பு ஏத்தும், அரிசி மூட்டை ஏத்தும், வெள்ளம் வந்தா சனத்தையே ஏத்தும். இன்னைக்கு என்ற மச்சினனையும் ஏத்திட்டு வருது!" என்று துள்ளுகிறார் அப்பா.

டயர் மாட்டி முடியும்போது, ஒரு பைக்கின் பின்னாலிருந்து மாமன் குதிக்கிறார். விமானத்தில் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தே வந்தாராம், ஆளே மணக்கிறார். குழந்தை மடி மாறுகிறது.

அந்தப் பழைய விமானத்துக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. என் மடிக்கு முதல் நாளே ஓய்வு. பஸ் ஏறி உட்கார்கிறேன். ஜன்னல் வழியாகக் குழந்தையின் அப்பா போட்ட ஒரு பொட்டலம் மடியில் விழுகிறது.

"மடி சும்மா இருக்க வேண்டாமுங்க. லட்டையாவது சுமக்கட்டும்!"